மணி அடித்தால் அறுந்துபோகும் இணையம்

மாணவர்களே, 2020-ஆம் ஆண்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது நாம் எல்லாரும் இயங்கலை வகுப்பில்தான் சந்தித்துக்கொண்டோம். என் படிவம் 4 வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் இருப்பாள். பிறகு திரையிலிருந்து காணாமல் போய்விடுவாள். சில நாள் திரும்பி வருவாள், சில நாள் வரவே மாட்டாள். கேட்டால், “லைன் போயிடுச்சு டீச்சர்” என்பாள். அந்த ஆண்டு இந்த வார்த்தையை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் அவளை நம்பவில்லை. வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று பல நாள் குறித்தேன்.

அவள் வீட்டுப் பக்கம் கைப்பேசி அலை சரியாகக் கிடைக்காது. அதனால் அவள் மறையும்போதெல்லாம் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பேன். பாட்டிதான் எடுப்பார். “பிள்ள உள்ள படிச்சிக்கிட்டுதான் இருக்கும்மா” என்பார். ஒருநாள், அவள் ஏற்கெனவே வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டதைக் கவனிக்காமல் அழைத்துவிட்டேன். திரையில் அவள் முகம் தெரிகிறது. அவளுடைய ஒலிவாங்கி வழியாக வீட்டு மணி அடிப்பது எனக்கே கேட்கிறது. இரண்டாவது மணியில் முகம் அப்படியே உறைந்தது. அடுத்த நொடி அவள் இல்லை.

அழைப்பைத் துண்டித்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தாள். மீண்டும் எண்ணைச் சுழற்றினேன். மீண்டும் போய்விட்டாள். அதாவது, ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்பதற்காக அழைத்து, அவளை வகுப்பிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்தது நான்தான்.

ஒளியிழை இணைப்பு வந்துவிட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழைய காலத்துக் கதைபோல இருக்கும். ஆனால், பழைய தாமான்களிலும் பட்டணத்தை விட்டுத் தள்ளியிருக்கும் இடங்களிலும் தொலைபேசிக்காகப் போட்ட செம்புக் கம்பியிலேயே இணையம் பெற்ற வீடுகள் ஏராளம். அந்தக் கம்பி ஏன் தகராறு செய்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பார்ப்போம்.

ஒரே கம்பியில் இரண்டு பயணிகள்

வீட்டுக்குள் வரும் தொலைபேசி இணைப்பு என்பது இரண்டே இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகள்தாம். தொலைபேசி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னோட்ட அழுத்தம் அதில் எப்போதும் இருக்கும். நாம் பேசும் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் அந்தக் கம்பியில் போய்வருகிறது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று படித்திருப்பீர்கள். பேச்சுப் புரிவதற்கு அவ்வளவு தேவையில்லை என்பதால் தொலைபேசிக்கு இந்தச் சிறு பகுதியே போதுமென்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். மேலே உள்ள பகுதி பல காலம் சும்மா கிடந்தது.

ஏடிஎஸ்எல் எனப்படும் இணைய முறை, சும்மா கிடந்த அந்த மேல்பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை அதன் இடம். பிறகு வந்த ஏடிஎஸ்எல்2+ முறையில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. கீழே பாட்டியின் பேச்சு, மேலே பேத்தியின் வகுப்பு. ஒரே கம்பிதான் என்றாலும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் போகலாம். அதற்கு ஒரு காவல்காரன் வேண்டும்.

அந்தக் காவல்காரன்தான் வடிகட்டி. தீப்பெட்டி அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே சில மின்தூண்டிகளும் மின்தேக்கிகளும் இருக்கும். குறைந்த அதிர்வெண்களை விட்டுவிடும், உயர்ந்தவற்றைத் தடுத்துவிடும். ஒவ்வொரு தொலைபேசிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் தொலைபேசியின் உள்ளே இருக்கும் பாகங்கள் இணையச் சமிக்ஞையை உறிஞ்சிக்கொள்ளும். மணி அடிக்கும்போது நிலைமை இன்னும் மோசம். மணி அடிக்க வைப்பதற்காக நிலையம் 75 முதல் 90 வோல்ட் வரையிலான மாறுமின்னோட்டத்தை, 20 அல்லது 25 ஹெர்ட்ஸில் அனுப்புகிறது. மெல்லிய சமிக்ஞைகளைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் மோடத்துக்குப் பக்கத்தில் யாரோ பறையை அடித்தால் எப்படி இருக்கும்?

மாணவியிடம் வீட்டிலுள்ள தொலைபேசிகளைப் பார்க்கச் சொன்னேன். கூடத்தில் ஒன்று, அதில் வடிகட்டி இருந்தது. சமையலறையில் ஒன்று, அதில் இல்லை. பாட்டி சமைத்துக்கொண்டே பேசுவதற்காகத் தாத்தா பல ஆண்டுகளுக்கு முன்பு போட்டது அது. வீட்டுக்கு இணையம் வந்தபோது யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் அந்த மூன்றும் இங்கேதான் உதவுகின்றன. சமையலறைத் தொலைபேசியை மட்டும் கழற்றினோம். மற்றதெல்லாம் அப்படியே. நான் அழைத்தேன். கூடத்தில் மணி அடித்தது, வகுப்பு நின்றுபோகவில்லை. திரும்பவும் மாட்டினோம். அழைத்தேன், போய்விட்டது. மூன்று முறை இப்படி மாற்றி மாற்றிச் செய்து மூன்று முறையும் அதே முடிவு வந்த பிறகுதான் வடிகட்டி வாங்கச் சொன்னேன். கடையில் சில ரிங்கிட்தான்.

அதையும் அவள் அப்பா முதலில் மோடத்துக்குப் போகும் கம்பியில் மாட்டிவிட்டார். மோடம் இணையத்தையே பார்க்கவில்லை. வடிகட்டியின் வேலையே உயர்ந்த அதிர்வெண்ணைத் தடுப்பதுதானே! பலரும் செய்யும் தவறு இது. வடிகட்டி தொலைபேசிக்கு; மோடத்துக்கு நேரடிக் கம்பி.

மழை வந்தால்?

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிற்பகல் வகுப்புகளில் மறுபடியும் மறைய ஆரம்பித்தாள். இந்த முறை மணி எதுவும் அடிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் பொறுமை இழந்து மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவார்கள், அல்லது புது மோடம் வாங்குவார்கள். நான் அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொன்னேன். இணைப்புப் போகும் ஒவ்வொரு முறையும் நேரம், வானிலை, வீட்டில் என்னென்ன இயங்கிக்கொண்டிருக்கிறது, மோடத்தில் எந்த விளக்கு அணைகிறது என்று எழுத வேண்டும்.

விளக்கு முக்கியம். மோடத்தில் ‘டிஎஸ்எல்’ என்று எழுதிய விளக்கு ஒன்று இருக்கும். அது அசையாமல் எரியும்போதே இணையம் போனால், கோளாறு வைஃபையிலோ கணினியிலோ இருக்கலாம்; கணினியை ஈதர்நெட் கம்பியால் மோடத்தோடு இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த விளக்கே மினுக்கத் தொடங்கினால் கோளாறு தொலைபேசிக் கம்பியில். அவள் நோட்டில் ஒவ்வொரு முறையும் மினுக்கல்தான்.

இன்னோர் எண்ணையும் எழுதச் சொன்னேன். உலாவியில் மோடத்தின் முகவரியைத் தட்டினால் (பல மோடங்களுக்கு அது 192.168.1.1, அடியில் ஒட்டிய தாளில் இருக்கும்) ஒரு நிலவரப் பக்கம் திறக்கும். அதில் ‘எஸ்என்ஆர் மார்ஜின்’ என்று டெசிபெல் கணக்கில் ஓர் எண் இருக்கும். சமிக்ஞை இரைச்சலைவிட எவ்வளவு கூடுதலாக இருக்க வேண்டுமோ, அதற்கும் மேலே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. கையிருப்புப் பணம் மாதிரி. 3 டெசிபெல் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல், 6 டெசிபெல் என்றால் நான்கு மடங்கு, 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. பொதுவாக 6 டெசிபெல் மிச்சம் இருக்கும்படிதான் இணைப்பை அமைப்பார்கள். அது கரைந்து பூஜ்யத்தை நெருங்கினால் இணைப்பு விழுந்துவிடும்.

விழுந்தால் ஏன் ஒரு நிமிடம் போகிறது என்று யோசித்தீர்களா? ஏடிஎஸ்எல் தன் இடத்தை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 சிறு பாதைகளாகப் பிரித்துக்கொள்கிறது. பெருக்கிப் பாருங்கள், 1,104 கிலோஹெர்ட்ஸ் வரும். இணைப்பைத் தொடங்கும்போது மோடம் ஒவ்வொரு பாதையையும் சோதித்து, எதில் இரைச்சல் குறைவோ அதில் அதிகத் தரவையும், எதில் இரைச்சல் அதிகமோ அதில் குறைவான தரவையும் ஏற்றுகிறது. ஒரு பாதையில் அதிகபட்சம் 15 பிட். திடீரென்று இரைச்சல் கூடிக் கணக்கெல்லாம் தப்பாகிப்போனால், மோடம் எல்லாப் பாதைகளையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். ஒரு நொடி இரைச்சலுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நாம் விலை கொடுப்பது இதனால்தான்.

இரண்டு வாரத்தில் நோட்டில் ஒரு வடிவம் தெரிந்தது. காலையில் மிச்சம் 10, 11 டெசிபெல். மழை பெய்து கொஞ்ச நேரத்தில் 4 ஆகும், பிறகு இணைப்பு விழும். மின்விசிறியோ தொலைக்காட்சியோ எந்த மாற்றமும் செய்யவில்லை. அவள் உடனே இடிமின்னல்தான் காரணம் என்று ஊகித்தாள். நல்ல ஊகம்தான். ஆனால் அவளே எழுதிய இன்னொரு வரி அதற்கு எதிராக இருந்தது: மழை விட்டு, இடி நின்ற பிறகும் எண் ஏறவில்லை; மறுநாள் காலையில்தான் ஏறியது. மின்னல் என்றால் மின்னல் நின்றதும் சரியாக வேண்டும். மெல்ல மெல்லச் சரியாவது எது? காய்வது. எங்கோ நீர் இறங்குகிறது.

எங்கே? வீட்டுக்கு வெளியே இருக்கும் கம்பியிலா, உள்ளே இருப்பதிலா? இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் சாக்கெட்டில், குட்டையான கம்பியால் மோடத்தை மட்டும் மாட்டி, வீட்டில் வேறு எதையும் மாட்டாமல் விட வேண்டும். அப்போதும் கோளாறு தொடர்ந்தால் வெளியே, நின்றால் உள்ளே. அவர்கள் தொலைபேசிகளைக் கழற்றிவிட்டு மோடத்தை முதல் சாக்கெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மழை பெய்தது. இணைப்பு விழுந்தது. ஆக, வெளியே என்று முடிவு கட்டத் தயாரானேன்.

அவசரப்பட்டுவிட்டேன். தொலைபேசியைக் கழற்றினாலும் சுவருக்குள் ஓடும் கம்பி கழலவில்லை. வீட்டில் எத்தனை சாக்கெட் என்று கேட்டபோது அப்பா இரண்டு என்றார். பாட்டிதான் மூன்று என்றார். தாத்தா படுத்த படுக்கையாக இருந்தபோது பின்னறையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று போட்டிருக்கிறார்கள். அவர் காலமான பிறகு அங்கே துணி அலமாரி வந்துவிட்டது. அதன் பின்னால் சாக்கெட் இருப்பதே மற்றவர்களுக்கு மறந்துவிட்டது.

களிம்பு

இயக்கம் தளர்ந்ததும் வீட்டார் தொழில்நுட்பரை வரவழைத்தார்கள். மாணவி நோட்டைக் காட்டினாளாம். அவர் இரண்டு பக்கம் படித்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போய் அலமாரியை நகர்த்தச் சொன்னார். குளியலறைச் சுவரை ஒட்டிய இடம். மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் காக்கும். சாக்கெட்டின் மூடியைத் திறந்தால், இரண்டு திருகுகளுக்கு நடுவே பச்சை நிறத்தில் களிம்பு.

செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் பிடிக்குமே, அந்தக் களிம்புதான். ஆனால் இங்கே அது வேகமாகப் பிடித்ததற்கு மின்சாரமும் ஒரு காரணம். வேதியியலில் மின்பகுப்பு படிப்பவர்கள் கவனியுங்கள். தொலைபேசிக் கம்பியில் இருப்பது 48 வோல்ட் என்றேன். சரியாகச் சொன்னால் அது பூமியோடு ஒப்பிடும்போது எதிர் 48 வோல்ட். ஈர மண்ணில் கிடக்கும் கம்பி எதிர்மின்வாயாக இருந்தால் செம்பு கரையாது. நேர்மின்வாயாக இருந்தால் அயனியாகிக் கரைந்துபோகும். அதற்காகவே அந்தக் காலத்துப் பொறியாளர்கள் எதிர் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது; எவ்வளவு செம்பு பிழைத்திருக்கும்! ஆனால் சாக்கெட்டுக்குள் நீர் புகுந்து இரண்டு கம்பிகளையும் இணைத்துவிட்டால், அவற்றில் ஒன்று மற்றதற்கு நேர்மின்வாய் ஆகத்தான் வேண்டும். அது கரைகிறது, களிம்பு பிடிக்கிறது. ஈரமான களிம்பு வழியே மின்னோட்டம் கசிகிறது. கசிவு ஒரே சீராக இல்லாமல் துடித்துத் துடித்துப் போவதால் இரைச்சல் உண்டாகிறது.

இதைக் காதாலேயே கேட்கலாம். வீட்டுத் தொலைபேசியை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் ஒலி நின்று அமைதியாகும். அந்தச் சில நொடிகளில் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் சடசடவென்று கேட்டால் கம்பியில் எங்கோ மூட்டு கெட்டிருக்கிறது. பாட்டியிடம் பிறகு கேட்டேன். மழை நாளில் அப்படித்தான் கேட்கும் என்றார். பேச்சுப் புரிந்ததால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நம் காது இரைச்சலை ஒதுக்கிவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். மோடத்துக்கு அந்தத் திறமை குறைவு.

தொழில்நுட்பர் முதல் சாக்கெட்டிலேயே பின்னறைக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் அவிழ்த்துவிட்டார். பத்து நிமிட வேலை. மழை நாளிலும் எண் இறங்காமல் நின்றது. இன்னொரு வியப்பு, வேகமும் முன்பைவிடக் கூடியது. ஏன் என்று பார்க்க நமக்கு ஒரு சிறு கணக்குப் போதும்.

முடிவில் எதுவும் மாட்டாத கிளைக் கம்பிக்குள் இணைய அலை நுழைந்தால், முனைவரை ஓடி, சுவரில் பட்ட பந்துபோல் திரும்பி வரும். செம்புக் கம்பியில் அலையின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதாவது நொடிக்குச் சுமார் 200,000,000 மீட்டர். பின்னறைக் கம்பி 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 50 மீட்டர். ஓர் அலையின் நீளம் 100 மீட்டர் என்றால், 50 மீட்டர் தாமதமாகத் திரும்பும் அலை சரியாக அரை அலை பிந்தி வருகிறது. இதன் முகடு அதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்ற சூத்திரத்தில் போட்டால் அந்த அதிர்வெண் 2 மெகாஹெர்ட்ஸ். ஏடிஎஸ்எல்2+ பயன்படுத்தும் பாதைகளின் மேல்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆக, யாரும் தொடாத அந்தச் சாக்கெட், ஈரமே இல்லாவிட்டாலும்கூட, சில பாதைகளைத் தின்றுகொண்டுதான் இருந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட இணைப்பு இருந்தால் இன்னும் ஒன்றிரண்டைப் பாருங்கள். தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் கம்பி இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. முறுக்கிய கம்பியில், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் சமமாக விழுந்து பெரும்பாலும் கழிந்துவிடும். கடையில் விற்கும் தட்டையான நீளக் கம்பியில் முறுக்கு கிடையாது. கூடத்திலிருந்து மாடிவரை பதினைந்து மீட்டர் தட்டைக் கம்பியை இழுத்தால், வீட்டுக்குள் ஓர் ஏரியல் கட்டியது போலத்தான். மோடத்தை முதல் சாக்கெட்டுக்கு அருகில் வைத்து, அங்கிருந்து கணினிக்கு ஈதர்நெட் கம்பியை இழுப்பது நல்லது. ஈதர்நெட் கம்பி முறுக்கியது. மலிவான மின்னேற்றிகளை மோடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். எல்லாம் செய்தும் சரியாகாவிட்டால், வேகத்தைச் சற்றுக் குறைத்து மிச்சத்தைக் கூட்டித் தரும்படி இணைய நிறுவனத்திடம் கேட்கலாம். 6 டெசிபெல்லை 9 ஆக்கினால் படம் கொஞ்சம் மெதுவாக இறங்கும், வகுப்பு அறுந்துபோகாது. தூரத்தை மட்டும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வீட்டில் ஏடிஎஸ்எல் தடுமாறத்தான் செய்யும்.

ஒரு கண்டிப்பு. மணி அடிக்கும் 90 வோல்ட் கையில் பட்டால் நன்றாகவே உதறும். சாக்கெட்டின் மூடியைப் பெரியவர்கள் இல்லாமல் திறக்காதீர்கள். இடி இடிக்கும்போது கம்பி பக்கமே போகாதீர்கள். உலகில் மின்னல் மிகுதியாக விழும் வட்டாரங்களில் நம்முடையதும் ஒன்று, வெளியே விழும் மின்னல் கம்பி வழியே வீட்டுக்குள் வரும். அந்த நேரத்தில் மோடத்தைக் கழற்றி வைப்பதும் நல்லது, ஆனால் இடி தொடங்குவதற்கு முன்பே செய்யுங்கள். வெளியே கம்பத்திலும் தெருவோரப் பெட்டியிலும் இருப்பவை நிறுவனத்துக்கு உரியவை.

வருகைப் பதிவில் நான் குறித்ததை எல்லாம் திருத்தினேன். மறுவாரம் ஒரு பிற்பகல் நல்ல மழை. வகுப்புக்கு ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு, அவளுக்கும் சொல்லாமல், அவள் வீட்டு எண்ணை அழைத்தேன். திரையில் அவள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் நிமிர்ந்து மோடத்தின் பக்கம் பார்த்தாள், பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். சமையலறையில் பாட்டி எடுத்தார். “டீச்சரா? சாப்பிட்டீங்களாம்மா?” என்று தொடங்கியவர், நான் எதற்காக அழைத்தேன் என்று கேட்கவே இல்லை. அந்தப் பேச்சு முடியும்வரை வகுப்பு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.